சளியிலிருந்து டிஎன்ஏ-வை கழுவி எடுக்கும் பிளாஸ்டிக் டப்பா: 2 மணி நேரத்தில் காசநோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் டாக்டர்கள் சளி டெஸ்ட் எழுதித் தருவார்கள். முன்பெல்லாம் அந்தச் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதுதான் வழக்கம். இப்போது பல இடங்களில் அது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜுக்குள் போகிறது. கார்ட்ரிட்ஜை ஒரு மெஷினில் சொருகினால், 2 மணி நேரத்துக்குள் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வந்துவிடும். காசநோய்க் கிருமி இருக்கிறதா? இருந்தால், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது அடங்குமா?

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டில் இதே பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் நோயாளி வீட்டிலும் பஸ்ஸிலும் வேலை செய்யும் இடத்திலும் இருமிக்கொண்டே இருப்பார்.

சரி, வாரக்கணக்கு எப்படி மணிக்கணக்காக மாறியது? கிருமியின் டிஎன்ஏ-வைப் படிக்கும் தொழில்நுட்பம் ஒரு காரணம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், டிஎன்ஏ-வை அழுக்கிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்யும் வேலையை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடக்கியதுதான். அது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

டிஎன்ஏ-வை ஏன் சுத்தம் செய்ய வேண்டும்?

கொரோனா காலத்தில் பிசிஆர் என்ற பெயர் எல்லோருக்கும் பழகிவிட்டது. டிஎன்ஏ-வின் ஒரு குறிப்பிட்ட துண்டை நகல் எடுத்துப் பெருக்கும் முறை அது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். எல்லாம் சரியாக நடந்தால் 30 சுற்றில் ஒரு துண்டு 100 கோடியைத் தாண்டிவிடும்.

இந்த நகல் வேலையைச் செய்வது ஒரு என்சைம். அது கொஞ்சம் 'சென்சிட்டிவ்' ஆன ஆள். ரத்தத்துக்கு நிறம் கொடுக்கும் ஹீம், ரத்தத்தில் உள்ள சில புரதங்கள், சளியின் கொழகொழப்பு என எது கூட வந்தாலும் அதன் வேலை கெடும். சுத்தம் செய்யப் பயன்படுத்திய ஆல்கஹால் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் இதே கதைதான்.

விளைவு என்ன? கிருமி இருக்கும். டிஎன்ஏ-வும் இருக்கும். ஆனால் என்சைம் முடங்கிப்போனதால் நகல் பெருகாது. மெஷின் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. நோய் உள்ளவருக்கு 'நோய் இல்லை' என்று ரிசல்ட் வரும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல், தேடும் பொருள் மிகக் குறைவு. ரத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். அவற்றில் டிஎன்ஏ கிடையாது, ஏனென்றால் முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே இல்லை. டிஎன்ஏ உள்ள வெள்ளையணுக்கள் அதே அளவு ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரைதான். தேவையானது சில ஆயிரம், தேவையில்லாதது பல லட்சம்.

லேபில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

அரிசி களைவதை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி பாத்திரத்தில் நிற்க வேண்டும், கலங்கல் தண்ணீர் வெளியே போக வேண்டும். டிஎன்ஏ சுத்திகரிப்பும் இதே கணக்குதான். முதலில் செல்லை உடைத்து டிஎன்ஏ-வை வெளியே கொண்டுவர வேண்டும். பிறகு அதை ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டவைக்க வேண்டும். மற்றதையெல்லாம் கழுவி விட வேண்டும். கடைசியாக ஒட்டிய டிஎன்ஏ-வைக் கழற்றி எடுக்க வேண்டும்.

எந்தப் பரப்பில் ஒட்டவைப்பது? இதற்கு 1990-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் பூம் தலைமையிலான குழு வெளியிட்ட முறை இன்றைக்கும் உலகெங்கும் ஓடுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது சிலிக்கா, அதாவது மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே பொருள்.

சாதாரணத் தண்ணீரில் டிஎன்ஏ சிலிக்காவில் ஒட்டாது. இரண்டுமே எதிர்மின் தன்மை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். இரண்டைச் சுற்றியும் தண்ணீர் மூலக்கூறுகள் ஒரு போர்வை மாதிரி படிந்திருக்கும். குவானிடின் தயோசயனேட் என்ற உப்பைச் செறிவாகச் சேர்த்தால் அந்தப் போர்வை விலகுகிறது, டிஎன்ஏ சிலிக்காவில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதே உப்பு செல்லை உடைக்கவும் உதவுகிறது, டிஎன்ஏ-வைச் சிதைக்கும் என்சைம்களையும் செயலிழக்க வைக்கிறது. பிறகு ஆல்கஹால் கலந்த திரவத்தால் கழுவுவார்கள். கடைசியில் உப்பு குறைந்த தண்ணீரை விட்டால் டிஎன்ஏ கழன்று வந்துவிடும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் லேபில் செய்யும்போது ஒவ்வொரு கட்டத்திலும் பிப்பெட்டால் திரவத்தை எடுத்து விட வேண்டும், சென்ட்ரிஃபியூஜில் சுழற்ற வேண்டும், ட்யூபை மாற்ற வேண்டும். பயிற்சி பெற்ற டெக்னீஷியன், தனி அறை, தடையில்லாத மின்சாரம் எல்லாம் வேண்டும். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் ஒரு நோயாளியின் சாம்பிள் இன்னொருவருடையதில் கலக்க வாய்ப்பு உண்டு. அதனால் இந்த டெஸ்ட் பெரிய ஊர்களின் பெரிய லேப்களைத் தாண்டி வெளியே வரமுடியாமல் இருந்தது.

பிளாஸ்டிக் எப்படி உள்ளே வந்தது?

'லேபையே சுருக்கிவிட்டால் என்ன' என்ற யோசனை 1990-களில் வேகம் பிடித்தது. திரவங்களைத் தலைமுடி அளவு மெல்லிய கால்வாய்களில் ஓடவிட்டு வேலை வாங்கும் இந்தத் துறைக்கு மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்று பெயர்.

சின்னதாக்குவதில் ஒரு நேரடி லாபம் இருக்கிறது. டிஎன்ஏ ஒட்டுவது சுவரில். கால்வாய் எவ்வளவு குறுகலோ, ஒரு துளி திரவத்துக்குக் கிடைக்கும் சுவர் அவ்வளவு அதிகம். அகலமான அண்டாவில் நடுவில் மிதக்கும் பொருள் ஓரத்தைத் தொட நேரம் ஆகும். மெல்லிய குழாயில் எங்கே இருந்தாலும் சுவர் பக்கத்திலேயே இருக்கும். மருந்துக் கலவையும் குறைவாகத்தான் தேவைப்படும்.

ஆரம்பகாலச் சிப்கள் பெரும்பாலும் கண்ணாடியிலும் சிலிக்கானிலும் செய்யப்பட்டன. வேலை நன்றாகத்தான் நடந்தது, ஆனால் ஒவ்வொன்றையும் ரசாயனத்தால் அரித்துச் செதுக்க வேண்டும். ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியதை அடுத்தவருக்குப் பயன்படுத்த முடியாது என்பதால், ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் அவ்வளவு விலை கொடுத்து ஒன்றைத் தூக்கிப் போடுவது கட்டுப்படியாகாது.

பிளாஸ்டிக்கில் அந்தக் கவலை குறைவு. ஒரு அச்சு தயாராகிவிட்டால் பக்கெட், பாட்டில் மூடி செய்வது போல உருக்கி ஊற்றி லட்சக்கணக்கில் எடுக்கலாம். பாலிப்ரொப்பிலீன், பாலிகார்பனேட், அக்ரிலிக் போன்றவை இந்த வகைக் கருவிகளில் பயன்படுகின்றன.

இதில் என்ன பிரச்னை? பிளாஸ்டிக் இயல்பிலேயே தண்ணீரோடு ஒட்டாத பொருள். டிஎன்ஏ-வைப் பிடிக்கும் குணமும் அதற்குத் தானாக வராது. அதனால் உள்ளே சிலிக்காவையோ ஒரு ஃபில்டரையோ தனியாக வைக்கிறார்கள். இன்னொரு வழி, பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே மாற்றுவது. அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் சோப்பர் குழுவினர் பாலிகார்பனேட் சிப் மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சி அதன் வேதித்தன்மையை மாற்றிக் காட்டினார்கள். தகுந்த உப்பும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் சேர்ந்த கலவையில் டிஎன்ஏ அந்தச் சுவரிலேயே படிந்தது. தனியாக சிலிக்கா அடைக்கும் வேலை மிச்சம்.

பிளாஸ்டிக்கில் வெப்பம் மெதுவாகத்தான் கடக்கும் என்பது இன்னொரு சவால். பிசிஆர்-க்கு 95 டிகிரி வரை சூடாக்கி மறுபடி குளிர்விக்க வேண்டும், அதுவும் பல முறை. அதனால் அந்த இடத்தில் மட்டும் சுவரை மிக மெல்லியதாகச் செய்கிறார்கள். சூட்டில் இளகாத ரகமாகவும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காசநோய் கார்ட்ரிட்ஜுக்குள் என்ன நடக்கிறது?

உலகம் முழுக்க அதிகம் பேசப்படும் உதாரணம், அமெரிக்காவின் செஃபைட் நிறுவனம் உருவாக்கிய ஜீன்எக்ஸ்பர்ட். 2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமி தடவிய கடிதங்களால் 5 பேர் இறந்தார்கள். அதன் பிறகு தபால் பிரிக்கும் மையங்களில் கிருமியைக் கண்காணிக்க இந்தத் தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டது. காசநோய்க்கான கார்ட்ரிட்ஜை உலக சுகாதார அமைப்பு 2010 டிசம்பரில் அங்கீகரித்தது.

டெக்னீஷியன் செய்ய வேண்டியது மிகக் குறைவு. சளியோடு இரண்டு மடங்கு ரசாயனக் கரைசலைச் சேர்த்து குலுக்குகிறார். 15 நிமிடத்தில் சளியின் கொழகொழப்பு உடைந்து தண்ணீர் போல ஆகிவிடும். கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடும், கையாள்பவருக்கு அது பாதுகாப்பு. அதிலிருந்து 2 மில்லிலிட்டரை எடுத்து கார்ட்ரிட்ஜில் விட்டு, மூடி, மெஷினில் வைக்கிறார். அவர் வேலை அவ்வளவுதான்.

இனி எல்லாம் உள்ளே நடக்கிறது. கார்ட்ரிட்ஜில் பல அறைகள் உண்டு. நடுவில் ஒரு சுழலும் வால்வு, ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்ச் போல ஒரு தண்டு. வால்வு திரும்பத் திரும்ப, அறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். தண்டு மேலே போனால் திரவத்தை இழுக்கும், கீழே வந்தால் தள்ளும்.

முதலில் சளி ஒரு ஃபில்டர் வழியாகப் போகிறது. கிருமிகள் அதில் மாட்டிக்கொள்ளும். அடுத்து கழுவும் திரவம் ஓடி, ரத்தக் கறை, புரதம், சளி மிச்சம் எல்லாவற்றையும் கழிவு அறைக்குத் தள்ளிவிடும். கவனியுங்கள், இதுவரை கிருமியை உடைக்கவே இல்லை. டிஎன்ஏ கிருமியின் ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கும்போதே அழுக்கைக் கழுவியாகிவிட்டது. சிலிக்கா முறையில் உடைத்த பிறகு கழுவுகிறார்கள், இங்கே கழுவிய பிறகு உடைக்கிறார்கள்.

காசநோய்க் கிருமியின் மேல் ஓடு மெழுகு போன்ற கொழுப்பால் ஆனது, எளிதில் உடையாது. அதற்குக் கீழிருந்து அல்ட்ராசவுண்ட் அதிர்வு கொடுக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள் அந்த அதிர்வில் மோதி கிருமியை உடைக்கின்றன. வெளியே வரும் டிஎன்ஏ, உலர்ந்த உருண்டையாகக் காத்திருக்கும் பிசிஆர் மருந்தைக் கரைத்துக்கொண்டு பின்பக்கம் வால் போல நீண்டிருக்கும் மெல்லிய அறைக்குப் போகிறது.

முதல் கார்ட்ரிட்ஜில் அந்தக் கடைசி அறையின் கொள்ளளவு வெறும் 25 மைக்ரோலிட்டர். 2 மில்லிலிட்டரில் தொடங்கிய பயணம் அதில் 80-ல் ஒரு பங்கு இடத்தில் வந்து முடிகிறது. அங்கே கிருமியின் 'ஆர்பிஓபி' என்ற மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்க்கிறார்கள். ரிஃபாம்பிசினை எதிர்க்கும் மாற்றங்கள் பெரும்பாலும் அந்தச் சின்னப் பகுதியில்தான் ஏற்படும்.

பலன் எவ்வளவு? மைக்ரோஸ்கோப்பில் கிருமி தென்பட ஒரு மில்லிலிட்டர் சளியில் சுமார் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. முதல் தலைமுறை கார்ட்ரிட்ஜுக்கு சுமார் 130 போதும். அடுத்து வந்த 'அல்ட்ரா' கார்ட்ரிட்ஜில் அது 16 வரை இறங்கியது. கடைசி அறையை இரட்டிப்பாக்கி 50 மைக்ரோலிட்டர் ஆக்கியது அதற்கு ஒரு காரணம். கிருமியில் பல பிரதிகளாக இருக்கும் டிஎன்ஏ பகுதிகளையும் சேர்த்துத் தேடுவது இன்னொரு காரணம்.

இந்தியாவின் ட்ரூநாட் எப்படி வேறுபடுகிறது?

2023-ல் உலகில் காசநோயால் பாதிக்கப்பட்ட 1.08 கோடி பேரில் சுமார் 26 சதவீதம் பேர் இந்தியர்கள் என்கிறது உலக சுகாதார அமைப்பின் அறிக்கை. அந்த ஆண்டு உலகம் முழுக்க 12.5 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். அதனால் இந்தியாவுக்கு ஏசி அறையும் யுபிஎஸ்-ஸும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஓடுகிற கருவி தேவைப்பட்டது.

கோவாவைச் சேர்ந்த மோல்பியோ நிறுவனத்தின் ட்ரூநாட் அந்த இடத்தைப் பிடித்தது. இதில் சுத்தம் செய்யும் வேலையும் படிக்கும் வேலையும் இரண்டு தனித்தனிக் கருவிகளில் நடக்கின்றன. முதல் கருவி பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜுக்குள் டிஎன்ஏ-வைப் பிரித்து, கழுவித் தரும். டெக்னீஷியன் அதில் 6 மைக்ரோலிட்டரை எடுத்து, கட்டைவிரல் அகலச் சிப் ஒன்றின் மீது வைப்பார். இரண்டாவது கருவி பிசிஆர் செய்யும். ரிசல்ட் சுமார் ஒரு மணி நேரத்தில் வரும். பாசிட்டிவ் வந்தால் அதே டிஎன்ஏ-வை வைத்து மருந்து எதிர்ப்பை இன்னொரு சிப்பில் பார்ப்பார்கள்.

இரண்டுமே பேட்டரியில் ஓடும். கையால் செய்ய வேண்டிய வேலை ஜீன்எக்ஸ்பர்ட்டை விடக் கொஞ்சம் அதிகம். 2020-ல் உலக சுகாதார அமைப்பு இதையும் பரிந்துரைத்தது. அதே ஆண்டு கொரோனா டெஸ்ட்டுக்கும் இந்தியாவில் ட்ரூநாட் பயன்படுத்தப்பட்டது.

சரியாகச் சுத்தம் ஆனதா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. ஜீன்எக்ஸ்பர்ட் கார்ட்ரிட்ஜுக்குள் தயாரிப்பின்போதே ஒரு 'சாட்சி'யை வைத்து அனுப்புகிறார்கள். அது மனிதருக்கு நோய் தராத வேறொரு பாக்டீரியாவின் வித்து. நோயாளியின் கிருமி போகும் அதே பாதையில் அதுவும் போகும். அதே ஃபில்டர், அதே கழுவல், அதே உடைப்பு.

காசநோய்க் கிருமி தெரியவில்லை, ஆனால் சாட்சி தெரிகிறது என்றால் டெஸ்ட் ஒழுங்காக நடந்திருக்கிறது, ரிசல்ட் நெகட்டிவ். இரண்டுமே தெரியவில்லை என்றால் உள்ளே ஏதோ கோளாறு. அழுக்கு போகாமல் என்சைமை முடக்கியிருக்கலாம், வித்து உடையாமல் இருந்திருக்கலாம். அப்போது மெஷின் 'இன்வேலிட்' என்று காட்டும்.

இந்த வார்த்தையை நோயாளிகள் புரிந்துகொள்வது முக்கியம். இன்வேலிட் என்றால் நெகட்டிவ் என்று அர்த்தம் இல்லை. டெஸ்ட் நடக்கவே இல்லை என்று அர்த்தம். 'ஒண்ணும் இல்லை போல' என்று வீட்டுக்குப் போய்விடாமல், மறுபடி சாம்பிள் கொடுக்க வேண்டும்.

இதில் இன்னும் தீராத சிக்கல்கள் என்ன?

முதலாவது, விலை. 2012-ல் சர்வதேச அமைப்புகள் பணம் போட்டு, ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளுக்கு காசநோய் கார்ட்ரிட்ஜ் விலையை 16.86 டாலரிலிருந்து 9.98 டாலராகக் குறைத்தன. அதன் பிறகு 10 ஆண்டுக்கு மேல் விலை அசையவில்லை. சுகாதார ஆர்வலர்களின் தொடர் அழுத்தத்துக்குப் பிறகு 2023-ல் அது 7.97 டாலரானது. பிளாஸ்டிக் மலிவு என்பதால் டெஸ்ட்டும் மலிவாகிவிடும் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, குப்பை. ஒரு நோயாளிக்கு ஒரு கார்ட்ரிட்ஜ். பயன்படுத்தியதில் கிருமிக் கழிவும் ரசாயனமும் இருப்பதால் மருத்துவக் கழிவாகத்தான் அப்புறப்படுத்த வேண்டும். குவானிடின் தயோசயனேட் உள்ள கிட் கழிவின் மீது பிளீச்சிங் கரைசலை ஊற்றவே கூடாது. ஹைட்ரஜன் சயனைடு உள்ளிட்ட நச்சு வாயு வெளிவரும். சுத்தம் செய்யப் போய் லேப் ஊழியர் ஆபத்தில் மாட்டக்கூடிய இடம் இது.

மூன்றாவது, செத்த கிருமியின் டிஎன்ஏ. உயிருள்ள கிருமி எது, செத்த கிருமி எது என்று இந்த டெஸ்ட்டுக்குத் தெரியாது. சிகிச்சை முடித்துக் குணமானவருக்கும் சில காலம் டிஎன்ஏ மிச்சம் இருந்து பாசிட்டிவ் காட்டலாம். அதனால் மருந்து வேலை செய்கிறதா என்று கண்காணிக்க இன்றைக்கும் மைக்ரோஸ்கோப் டெஸ்ட்டும் கல்ச்சரும் தேவைப்படுகின்றன. ஏற்கெனவே காசநோய் வந்தவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

சளி கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கார்ட்ரிட்ஜ் எவ்வளவு நன்றாகக் கழுவினாலும், சாம்பிளில் இல்லாத கிருமியை அதனால் கண்டுபிடிக்க முடியாது. எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் கிருமி அதில் இல்லாமலே போகலாம். அதனால் இவற்றை மறக்க வேண்டாம்:

• காலையில் எழுந்ததும் வரும் சளி சிறந்தது.

• வாயை வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். சாப்பாட்டுத் துணுக்குகள் கலக்காமல் இருக்கும்.

• ஆழமாக மூச்சு இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி சளியை எடுங்கள். திறந்தவெளியில், மற்றவர்களிடமிருந்து தள்ளி நின்று செய்யுங்கள்.

• டப்பாவின் மூடியை இறுக்கமாக மூடி, தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

• ரிசல்ட்டில் 'இன்வேலிட்' அல்லது 'எர்ரர்' என்று இருந்தால், மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சிகிச்சை எடுக்காத ஒருவர், நெருங்கிப் பழகும் 5 முதல் 15 பேருக்கு ஓர் ஆண்டில் காசநோயைத் தொற்றவைக்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் காசநோய் டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா உதவி எண்ணில் கேட்கலாம்.